ஊசி தாவிய இடம்

நம் வயதுக்காரர்களுக்காக எதையாவது எழுதலாம் என்று உட்கார்ந்தால் முதலில் மூட்டுவலிதான் வந்து நிற்கிறது. அது உங்கள் எல்லோருக்கும் தெரிந்த கதை, விட்டுவிடுகிறேன். நான் சொல்ல வந்தது ஒரு பாட்டைப் பற்றி. அதைச் சொல்லவும் எனக்குப் பெரிய உற்சாகம் ஒன்றுமில்லை. அறுபது வருஷமாக நெஞ்சில் கிடந்ததைப் போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை வெளியே எடுத்து வைத்தேன். சொல்லிவிட்டால் பாரம் குறையும் என்பார்களே, எனக்கு அப்படி எதுவும் குறையவில்லை.

அந்தப் பாட்டு உங்களில் பலருக்குத் தெரியும். கல்யாண வரவேற்புகளில் வாசிப்பார்கள். பெங்களூரில் பெரிய கடைகளின் லிஃப்டுக்குள்ளேகூட ஓடும். நாலு வெள்ளைக்காரப் பையன்கள் கைதட்டிக்கொண்டே வேகமாகப் பாடுவார்கள். உலகமே அதை அந்தப் பையன்களின் பாட்டு என்றுதான் நினைத்துக்கொண்டிருக்கிறது. அவர்களுக்கு முன்னால் அதை ஒரு கறுப்பின அமெரிக்கர் மெதுவாக, வார்த்தை வார்த்தையாக இழுத்துப் பாடியிருந்தார். அந்த மாதிரிப் பாட்டுக்கு ஸோல் என்று பெயர் என்பதெல்லாம் எனக்கு ரொம்பப் பின்னால் தெரிந்தது. எங்கள் வீட்டுக்கு முதலில் வந்தது அவருடைய குரல்தான்.

நம் தங்கச் சுரங்கத்துச் சாம்பியன் ரீப்ஸில், கம்பெனி கட்டிய வரிசை வீடுகளில் ஒரு லைன் வீடு எங்களுடையது. ஒரு அறை, ஒரு சமையல் மூலை, முன்னால் தகரம் போட்ட சார்ப்பு. அதில் அப்பா, அம்மா, நான், அம்மாவின் தம்பி. எனக்கு ஒன்பது வயது. மாமாவுக்கு இருபது இருக்கும். அப்பாவைப் போலவே அவரும் கூண்டு லிஃப்டான கேஜில் ஏறிச் சுரங்கத்துக்குள் போய்க் கல் டிராலி தள்ளிவிட்டு வருவார். எனக்கு அவர் பெயரைவிட அவர் என்னைக் கூப்பிடும் "வாடி"தான் முதலில் நினைவுக்கு வருகிறது. எனக்குக் கல்யாணமானபோதும் "வாடி", நான் மாமியாரானபோதும் "வாடி". பெற்றவர்கள் போன பிறகு என்னை அப்படிக் கூப்பிட இந்த உலகத்தில் மிஞ்சியவர் அவர் ஒருவர்தான்.

மாமா பாடுவார். குளிக்கும்போதும், பல் விளக்கும்போதும், அம்மா திட்டும்போதும் பாடுவார். இங்கிலீஷ் பேச வராது. பாட மட்டும் வரும். அதைக் கற்றுக்கொடுத்தது அவருடைய கூட்டாளி, ஒரு சட்டைக்காரப் பையன். ஆங்கிலோ இந்தியர்களை நாம் அப்படித்தானே சொல்வோம். அவருடைய அப்பா தங்கக்கல் அரைக்கும் மில்லில் ஃபோர்மேன். இருவரும் ஒரே மைதானத்தில் பந்து விளையாடிப் பழகியவர்கள். சுரங்க அதிகாரிகளின் கிளப் பேண்டில் அவர் கிட்டார் வாசிப்பார் என்பதால் எனக்கு அவர் கிட்டார் அண்ணன். சட்டைக்காரர் வீட்டுப் பிள்ளை லைன் வீட்டில் சம்மணம் போட்டு உட்கார்ந்து களியும் கருவாட்டுக் குழம்பும் சாப்பிடுவதை அக்கம்பக்கத்தார் எட்டிப் பார்த்துவிட்டுப் போவார்கள்.

அந்த வருஷம் மழைக்கு முன்னால் பேண்டின் பாட்டுக்காரர் வேலையை விட்டுவிட்டு இங்கிலாந்துக்குப் போய்விட்டார். நன்றாகப் பந்து விளையாடுகிறவனுக்கும் பேண்டில் இருக்கிறவனுக்கும் கம்பெனி தரைக்கு மேலே வேலை கொடுப்பது அப்போது வழக்கம். ஸ்டோரில் போடுவார்கள், இல்லாவிட்டால் டைம் ஆபீஸில். கேஜில் ஏற வேண்டாம். நெஞ்சில் கல்தூசி சேராது. கிட்டார் அண்ணன் பேண்ட் மாஸ்டரிடம் பேசி, மாமாவை ஒருமுறை பாடவைத்துப் பார்க்கச் சம்மதம் வாங்கினார். மூன்று வாரம் கழித்து ஒரு சனிக்கிழமை சாயங்காலம், கிளப்பில், எல்லோர் முன்னாலும் பாட வேண்டும். அம்மா அன்றைக்கே மாரியம்மனுக்குப் பொங்கல் வைப்பதாக வேண்டிக்கொண்டாள்.

கிட்டார் அண்ணன் குடும்பம் ஆஸ்திரேலியாவுக்குப் போக எழுதிப் போட்டிருந்தது. அந்தக் காகித வேலைக்காக அவர்கள் மூன்று வாரம் மெட்ராஸ் போனார்கள். போகிற அன்று காலையில் அவர் சாவி கொடுக்கும் கிராமஃபோனைத் தோளில் சுமந்துகொண்டு வந்தார். பழுப்புக் காகித உறையில் ஒரே ஒரு ரெகார்டு, மாமா கிளப்பில் பாட வேண்டிய பாட்டு. மாமா ஷிப்டுக்குப் போயிருந்தார்.

"புது ரெகார்ட். மாமா வந்து போட்டுக் கேக்கட்டும். நீ தொடக் கூடாது, இன்னா?" என்று என் காதை லேசாகத் திருகினார்.

தொடாதே என்றால் தொடத்தான் தோன்றும். மத்தியானம் அம்மா துணி அலசக் குழாயடிக்குப் போனதும் பெட்டியைத் திறந்தேன். உள்ளே பச்சை வெல்வெட்டு, ஒரு சின்ன ஊசி டப்பா, எண்ணெய் வாசனை. அரக்கு ரெகார்டு கைக்குக் கனமாக இருந்தது. கிட்டார் அண்ணன் செய்வதைப் பார்த்திருந்ததால் சாவி கொடுத்து, ஊசியை மெதுவாக வைத்தேன். அந்தக் குரல் வந்தது. ஒரு வார்த்தையும் புரியவில்லை. யாரோ ஒருவர் அழாமல் இருக்கப் பாடுபடுகிறார் என்பது மட்டும் புரிந்தது. நான் சுவரில் சாய்ந்து உட்கார்ந்துவிட்டேன்.

பாட்டு பாதிதான் போயிருக்கும், தரை தூக்கிப்போட்டது.

ஏர்ப்ளாஸ்ட். இங்கே பிறந்தவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. ஆழத்தில் பாறை அழுத்தம் தாங்காமல் வெடிக்கும், மேலே வீடு குலுங்கும். அதற்காகவே நம் வீட்டு அலமாரித் தட்டுகளின் முன்னால் ஒரு மரப்பட்டை அடித்திருக்கும், பாத்திரம் விழாமல் இருக்க. குலுங்கினால் பெண்கள் போட்டது போட்டபடி வெளியே வந்து சுரங்க வாயான ஷாஃப்ட் இருக்கும் பக்கம் திரும்பி நிற்பார்கள். சங்கு ஊதினால் யாரோ போய்விட்டார்கள். ஊதாவிட்டால் அடுப்புக்குத் திரும்பலாம்.

அன்றும் குழாயடியில் எல்லோரும் ஈரக் கையோடு நின்றார்கள். மாமா கீழே இருந்தார். நான் என்ன செய்துகொண்டிருந்தேன் தெரியுமா? துள்ளிய ஊசி ரெகார்டின் குறுக்கே இழுத்துவிட்டிருந்த கீறலை எச்சில் தொட்டுத் துடைத்துக்கொண்டிருந்தேன். ஐயோ மாமா என்று ஒரு நினைப்பு வரவில்லை. அம்மா அடிப்பாளே என்பதுதான் வந்தது. சங்கு ஊதவில்லை. நான் ரெகார்டை உறைக்குள் தள்ளிப் பெட்டியை மூடிவிட்டேன்.

சாயங்காலம் மாமா வந்து குளித்துவிட்டுப் பெட்டிக்கு முன்னால் சாமிக்கு முன்னால் உட்கார்வது போல உட்கார்ந்தார். நான் கதவோரம் போய் நின்றுகொண்டேன். ஊசி கீறல் விழுந்த இடத்துக்கு வந்தது. டக் என்று ஒரு சத்தம், அரை மூச்சு மௌனம், உடனே வேறொரு வரி. என் கெட்ட காலம், தாளம் தப்பாமல் தாவியது. மாமா கண்ணைத் திறந்தார்.

"பாத்தியாடி? அந்த எடத்துல நிறுத்துறான் பாரு. மூச்சே நின்னுபோச்சி எனக்கு. இதான்டி பாட்டு!"

மூன்று வாரம் அதையே போட்டுப் போட்டுப் பாடினார். அந்த இடம் வந்ததும் ஆள்காட்டி விரலை உயர்த்தி ஒரு கணம் நிற்பார், பிறகு விரலை இறக்கிக்கொண்டே அடுத்த வரிக்குள் நுழைவார். எங்கள் லைன் பிள்ளைகள் எல்லோரும் விரலைத் தூக்கிக்கொண்டு அலைந்தோம். கிட்டார் அண்ணன் ஊரில் இல்லை. இது தப்பு என்று சொல்ல அங்கே யாருக்கும் தெரியாது.

அதே மூன்று வாரத்துக்குள்தான் வெள்ளைக்காரப் பையன்களின் பாட்டு வந்து சேர்ந்தது. பஜாரில் டீக்கடை ரேடியோவில் இலங்கை ஸ்டேஷன் போட்டிருந்தார்கள். நானும் மாமாவும் பன் வாங்கப் போயிருந்தோம். அதே பாட்டு, ஓட்டமும் கைதட்டலுமாக. அந்த இடத்தில் அவர்கள் நிற்கவில்லை. இரண்டு வரி கூடுதலாகப் பாடினார்கள்.

மாமாவுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. "கேட்டியா? நம்ப பாட்ட கெடுத்து வச்சிகிறானுங்க. கையில இருந்து ரெண்டு வரிய போட்டு ரொப்பிட்டானுங்க."

எனக்கு அந்த நிமிஷமே விளங்கிவிட்டது. அந்த இரண்டு வரி ரெகார்டிலும் இருந்திருக்கிறது, என் கீறலுக்கு அடியில். வழியெல்லாம் பன்னைக் கையிலேயே வைத்துக்கொண்டு நடந்தேன். சொல்லிவிடலாம் என்று ஒவ்வொரு லைனாக எண்ணிக்கொண்டே வந்தேன். வீடு வந்துவிட்டது. சொல்லவில்லை.

சனிக்கிழமை வந்தது. கிட்டார் அண்ணன் அன்று மத்தியானம்தான் மெட்ராஸிலிருந்து இறங்கினார். ஒத்திகைக்கு நேரமில்லை. மாமா அப்பாவின் கல்யாணக் கோட்டைப் போட்டுக்கொண்டு போனார். எங்களை மாதிரி ஆட்கள் கிளப்புக்குள் போக முடியாது. அம்மாவும் நானும் வேலிச் செடிக்குப் பின்னால் நின்று ஜன்னல் வழியாகப் பார்த்தோம். வெயில் இன்னும் இறங்கவில்லை. உள்ளே ஜோடி ஜோடியாக ஆடிக்கொண்டிருந்தார்கள்.

மாமா ஆரம்பித்ததும் ஆட்டம் மெதுவானது. சிலர் ஆடுவதை நிறுத்திவிட்டுக் கேட்டார்கள். அம்மா என் தோளைப் பிடித்த பிடியில் வலித்தது. அந்த இடம் வந்தது. மாமா விரலை உயர்த்தினார், நின்றார், தாவினார். பேண்ட் தாவவில்லை. அது அவர் விட்ட இரண்டு வரிக்கும் வாசித்துக்கொண்டு போயிற்று. மாமா ஒரு பக்கம், வாத்தியம் ஒரு பக்கம். டிரம்ஸ்காரர் நிறுத்திவிட்டார். முதலில் ஒரு பெண் சிரித்தாள், அப்புறம் எல்லோரும். பேண்ட் மாஸ்டர் கையைத் தட்டி என்னவோ சொன்னார். ஆட்டம் கெடக் கூடாது என்று கிட்டார் அண்ணன் மைக்குக்கு வந்து மீதிப் பாட்டைப் பாடி முடித்தார். அந்த இரண்டு வரியோடு சேர்த்துத்தான்.

மாமா பக்கவாட்டுக் கதவு வழியாக இறங்கி, எங்களையும் பார்க்காமல் நடந்துபோனார்.

மறுநாள் காலை வெயிலில் அவர் ரெகார்டைச் சாய்த்துச் சாய்த்துப் பார்த்தார். கீறல் மேல் நகத்தை ஓட்டினார்.

"யாராச்சும் இத தொட்டீங்களா?"

அம்மா அடுப்படியிலிருந்தே சத்தம் போட்டாள். "யாருடா தொடப் போறாங்க? நீ வர்ற வரிக்கும் பெட்டிய தொறக்கவே இல்ல. எங்க வேணா சத்தியம் பண்றேன். உனக்கு வாய்ல வரல, அதுக்கு ரெகார்ட் இன்னா பண்ணும்?"

மாமா என்னைப் பார்த்தார். "நீ தொட்டியாடி?"

"இல்ல மாமா."

அவ்வளவுதான். இன்னொரு முறை பாடக் கிடைத்திருக்கக்கூடிய வாய்ப்பும், அதோடு ஒரு மனிதரின் வேலையும் அந்த மூன்றெழுத்தோடு போயிற்று என்று நான் பின்னாளில் கணக்குப் போட்டேன். கிராமஃபோனைத் திருப்பிக் கொடுக்க மாமா என்னைத்தான் அனுப்பினார். ரெகார்டை அனுப்பவில்லை. கிட்டார் அண்ணன் இரண்டு முறை வீட்டுக்கு வந்தார். இரண்டு முறையும் மாமா பின்பக்கமாகப் போய்விட்டார். "மூஞ்சி காட்ட வெக்கப்படுறான், நீ போப்பா" என்று அம்மா அனுப்பிவைத்தாள். நாங்கள் எல்லோரும் அப்படித்தான் நம்பினோம். சில மாதத்தில் அவர் குடும்பம் கப்பலேறியது. மாமா சுரங்கம் மூடும் வரை கேஜில் இறங்கினார். பாடுவதை விட்டுவிட்டார். அம்மா அவர் திருந்திவிட்டார் என்று ஊரெல்லாம் சொன்னாள்.

எனக்கு என் பாடே சரியாக இருந்தது. உங்களில் பலரைப் போல நானும் விடியற்காலை ரயிலில் நின்றபடி பெங்களூர் போய், தையல் ஃபாக்டரியில் குனிந்து, நின்றபடியே திரும்பி வந்தேன். பங்காருபேட்டை வந்ததும் பாதிக் கூட்டம் இறங்கும், அப்போதுதான் உட்கார இடம் கிடைக்கும். இப்படியே முதுகு போயிற்று, கண் போயிற்று. மாமாவின் மனைவி போன பிறகு ஞாயிறுதோறும் அவருக்குக் குழம்பு கொண்டுபோவது மட்டும் நின்றதில்லை.

பத்துப் பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னால் அப்படி ஒரு ஞாயிறு நான் அங்கே இருந்தபோது வாசலில் ஆட்டோ நின்றது. தொப்பி, கைத்தடி, நரைத்த புருவம். மாமா ஜன்னல் வழியாகப் பார்த்தார். எழுந்து உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். "காய்ச்சல்னு சொல்லு" என்று உள்ளிருந்து குரல் வந்தது.

கிட்டார் அண்ணன் என்னை அடையாளம் கண்டுகொண்டார். "நீ அந்தச் சின்னப் பொண்ணுதானே? தொடாதேன்னா தொடறவ."

நான் காய்ச்சல் என்று சொன்னேன். சாத்தியிருந்த உள்கதவை அவர் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு ஒரு பிஸ்கட் டப்பாவைச் சார்ப்பில் வைத்துவிட்டுப் போனார். இன்னுமா வெட்கம், இந்த வயதிலா என்று எனக்கு மாமாவின் மேல் எரிச்சல்தான் வந்தது. மூன்று வருஷத்துக்கு முன்னால் கிட்டார் அண்ணன் ஆஸ்திரேலியாவில் இறந்துவிட்டதாகச் சர்ச்சுக்குப் போகிறவர்கள் சொன்னார்கள். மாமாவிடம் நான் சொல்லவில்லை. அவருக்கு நெஞ்சு சரியில்லை. சொல்லாமலிருப்பதும் எனக்குப் பழகிய வேலைதான்.

போன மாதம் என் மகன் ஃபோனை நீட்டினான். "அம்மா, நீ முணுமுணுக்கிறியே, அது இதானே?" கைதட்டும் பையன்கள். நான் இல்லை என்றேன். அவன் தேடித் தேடிப் பழசை எடுத்துப் போட்டான். அந்தக் குரல் வந்தது. அந்த இடமும் வந்தது. எனக்குத் தெரியாமலே என் விரல் எழும்பியது, பாட்டு நிற்காமல் போயிற்று. அந்த இரண்டு வரிக்கு என்ன அர்த்தம் என்று மகனிடம் கேட்டேன். கடைசி பஸ் போய்விட்டது, நடந்தே வருகிறேன், விளக்கை அணைக்காதே என்கிறாராம். பெரிதாக ஒன்றுமில்லை. ஆனாலும் அன்று முழுக்க எனக்குச் சோறு இறங்கவில்லை. அந்த ஞாயிறு ஃபோனை எடுத்துக்கொண்டு மாமா வீட்டுக்குப் போனேன்.

"வாடி. நடந்தா வந்தே? ஆட்டோல வர்றதுக்கு இன்னா கேடு?"

ஃபோனை அவர் காதருகே வைத்தேன். முதல் மூச்சிலேயே அவர் முகம் மாறியது. "நம்ப ஆளு! நம்ப ஆளு கீறானேடி இதுல!" கண்ணை மூடிக்கொண்டார். உதடு கூடவே அசைந்தது. அந்த இடத்தில் விரல் உயர்ந்தது. பாட்டு நிற்கவில்லை. விரல் அந்தரத்திலேயே நின்றது.

"இன்னா இது? நடுவுல இன்னாவோ சேத்துகினான்."

"சேக்கல மாமா. மொதல்ல இருந்தே இப்படித்தான். ரெகார்ட்ல கீறல் போட்டது நான்தான்."

எல்லாவற்றையும் சொன்னேன். தொடாதே என்றது, சாவி கொடுத்தது, தரை குலுங்கியது, எச்சில் தொட்டுத் துடைத்தது.

"ஏர்ப்ளாஸ்டா?" என்றார் கடைசியில். "தெரியும். அன்னிக்கி என்னையும்தான் தூக்கிப் போட்டுச்சி. டிராலி அடியில பூந்து தப்பிச்சேன். நான் தப்பிச்சேன், ரெகார்ட் தப்பல." சிரித்தார். சிரிப்பு இருமலாகி, அடங்க நேரமாயிற்று.

"அந்த மேல் வேல என்னாலதான் போச்சி மாமா."

"எந்த வேல?" நிஜமாகவே யோசித்தார். "அட அதுவா. அத எவன் நெனச்சிகினு கீறான்? ஸ்டோர்ல ஒக்காந்து ஆணி எண்ணிகினு இருந்திருப்பேன். போனா போவுது வுடு."

எனக்கு ஒரு கணம் அப்பாடா என்றுதான் இருந்தது. அறுபது வருஷமாகச் சுமந்ததை இவர் ஆணிக் கணக்கில் தள்ளிவிட்டாரே என்று சிரிக்கக்கூடச் செய்தேன். அப்போது அவர் மெதுவாகக் கேட்டார்.

"அப்போ அவன் குடுக்கும்போது ரெகார்ட் நல்லாதான் இருந்துச்சா?"

"நல்லாதான் இருந்துச்சி மாமா."

"கீறல் இல்ல?"

"இல்ல."

அவர் கட்டிலின் விளிம்பைப் பிடித்துக்கொண்டார். "உங்கம்மா சத்தியம் பண்ணா. நீயும் இல்லேன்னே. அப்ப அவன்தானே? வேணும்னே கீறல் ரெகார்ட குடுத்துட்டு, என் எடத்துல அவன் பாடிட்டான்னு நெனச்சேன்டி. எவன்கிட்டயும் சொல்லல. கூட்டாளியாச்சே, வெளிய சொன்னா அவனுக்கு அசிங்கம்னு வுட்டேன். அவ்ளோ தூரத்துல இருந்து வந்து வாசல்ல நின்னான். மூஞ்சில அடிச்சாப்பல கதவ சாத்தினேனே."

அவர் ஃபோனைக் காட்டினார்.

"இதுல அவன புடிக்க முடியுமா? உன் புள்ளைய கேளு. இதுல யாரை வேணா புடிக்கலாமாமே. ரெண்டு வார்த்த பேசணும்."

அவர் முகத்தில் அவசரம் இருந்தது. அதைப் பார்த்த பிறகு பொய் சொல்ல எனக்குத் தெம்பில்லை.

"அவரு போயிட்டாரு மாமா. மூணு வருஷமாச்சி."

கிட்டார் அண்ணன் அன்று பார்த்துக்கொண்டு நின்றாரே, அந்த உள்கதவை மாமா ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துவிட்டார். நான் குழம்பைப் பாத்திரத்தில் மாற்றி மூடி வைத்துவிட்டு வந்தேன்.

அடுத்த ஞாயிறு போகப் பயந்தேன். போகாமலிருக்கவும் பயமாக இருந்தது. போனேன். மாமா சார்ப்பில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். முகத்தில் கோபம் எதுவும் இல்லை. என்னைப் பார்த்ததும் துண்டால் இன்னொரு நாற்காலியைத் தட்டிவிட்டார்.

"வாங்க," என்றார். "உக்காருங்க. வெயில்ல வந்துகிறீங்க, தண்ணி குடிக்கிறீங்களா?"